உதிரும் தோல், உதிராத மங்கு

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நடுத்தர வயதுக்காரர்கள் பலர் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். சாம்பலால் தேய்த்தாலும் பற்பசையால் தேய்த்தாலும் போகாத கறை. காரணம் ஊருக்கே தெரியும்: கிணற்றிலும் ஆழ்துளைக் குழாயிலும் தண்ணீரோடு கரைந்து வந்த ஃபுளோரைடு. அதே ஊரில் முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலருக்குக் கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் இன்னொரு பழுப்பு படர்கிறது. மங்கு. கடலை மாவு, எலுமிச்சைச் சாறு, மருந்துக் கடை ட்யூப் என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, அதுவும் போவதில்லை. பல்லைக் கெடுத்த தண்ணீரே முகத்தையும் கெடுக்கிறதோ என்று யாருக்கும் தோன்றும்.

இதற்குள் இன்னொரு புதிர் இருக்கிறது. நம் மேல்தோல் ஏறக்குறைய மாதம் ஒருமுறை முழுதாக மாறிவிடுகிறது. மேலே உள்ளது கண்ணுக்குத் தெரியாத செதில்களாக உதிர, கீழேயிருந்து புதிது வருகிறது. அப்படியானால் போன மாத மங்கு இந்த மாதம் உதிர்ந்து போயிருக்க வேண்டுமே! பத்து வருஷமாக அதே கன்னத்தில், அதே வடிவில் எப்படி நிற்கிறது?

இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்விக்கும் கிடைத்துவிடும். எந்த வைத்தியம் வேலை செய்யும், எது ஏமாற்றும் என்பதும் தெரிந்துவிடும்.

பல்லின் கணக்கு வேறு, தோலின் கணக்கு வேறு

பல்லின் வெளிப்பூச்சான எனாமலை உடல் ஒரே ஒரு முறைதான் கட்டுகிறது. நிரந்தரப் பற்களில் கடைசிக் கடைவாய்ப் பற்களை விட்டுவிட்டால், இந்த வேலை பிறந்ததிலிருந்து சுமார் எட்டு வயதுக்குள் முடிந்துவிடும். அந்த வயதில் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால் எனாமல் கெட்டியாக அமையாது. நுண்துளைகளோடு அமைந்த பூச்சில் பிறகு பழுப்பு ஏறுகிறது. எனாமலைக் கட்டிய செல்களோ பல் முளைத்ததும் மறைந்துவிடுகின்றன. அதனால் பழுதுபார்க்க ஆள் இல்லை.

ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் பல இடங்களில் இந்த அளவைத் தாண்டியது. அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு பாதிப்பு) தணிப்பும் சேர்ந்திருக்கிறது. காவிரித் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைக்குக் கறையில்லாத பல் முளைக்கலாம். அதே தண்ணீரைக் குடிக்கும் தாயின் பல் வெளுக்காது.

தோலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. முகத்தின் மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அதன் அடிவரிசையில் செல்கள் பிரிந்தபடி இருக்கின்றன. பிறந்த செல் மெல்ல மேலே ஏறித் தட்டையாகி, செத்து, உதிர்கிறது. இந்தப் பயணத்துக்கு நாலு முதல் ஆறு வாரம். வயது ஏற ஏற இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆக, பத்து வருஷ மங்கு என்று நாம் சொல்வதில், மேல்தோலைப் பொறுத்தவரை, பத்து வருஷத்துக்கு முந்தைய நிறம் துளிகூட இல்லை. இன்று கண்ணாடியில் தெரியும் பழுப்பு, போன மாதம் உண்டானது. அடுத்த மாதம் தெரியப்போவது இன்று உண்டாகிக்கொண்டிருக்கிறது. பல்லின் கறை, முடிந்துபோன ஒரு பாதிப்பின் தடம். மங்கோ இன்னும் ஓயாத வேலை. தேய்த்து எடுக்க முயன்றால், மேலே ஒரு கை எடுக்க எடுக்க கீழே இன்னொரு கை நிரப்பும்.

தண்ணீரால் தோல் நிறம் மாறவே மாறாதா? மாறும், அதில் ஆர்சனிக் இருந்தால். 1980களின் தொடக்கத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமத்தாரின் உடம்பில் மழைத்துளி தெளித்த மாதிரி கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளைப் பார்த்தார். ஆழ்குழாய் நீரில் இருந்த ஆர்சனிக்கே காரணம் என்று கண்டறிந்தார். கன்னத்தில் மட்டும் படரும் மங்குக்கு இந்தச் சாயல் இல்லை. மங்குக்குக் காரணம் என்று தோல் மருத்துவம் கணக்கில் வைத்திருப்பவற்றில் ஃபுளோரைடும் இல்லை.

நிறம் செய்யும் செல்

மேல்தோலின் அடிவரிசையில் சாதாரணத் தோல் செல்களுக்கு நடுவே, கிளை விரித்தாற்போல ஒருவகைச் செல் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கிறது. மெலனோசைட் என்பது அதன் அறிவியல் பெயர். நாம் நிறமிச் செல் என்போம். மெலனின் என்ற பழுப்பு நிறமியைச் செய்வது இதுதான். ஒரு நிறமிச் செல் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்குத் தன் கிளைகள் வழியாக நிறமியைப் பொடிப்பொதிகளாகக் கொடுக்கிறது. நிறமி நிரம்பிய அந்தச் செல்கள் மேலேறி உதிர்கின்றன. நிறமிச் செல் மட்டும் அடிவரிசையை விட்டு நகர்வதில்லை.

செய்முறை எளிது. நாம் சாப்பிடும் புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் உண்டு. நிறமிச் செல்லுக்குள் டைரோசினேஸ் என்ற நொதி அதைப் பிடித்து மாற்றுகிறது. அடுத்தடுத்த மாற்றங்களில் அது மெலனினாக முடிகிறது. நொதி என்றால் உடலின் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதம். நிறம் சம்பந்தமான பெரும்பாலான மருந்துகளும், சில விஷங்களும், கடைசியில் வந்து சேரும் இடம் இந்த டைரோசினேஸ்தான். இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மிச்ச அத்தியாயம் சுலபமாகப் புரியும்.

கறுப்புத் தோலில் நிறமிச் செல்கள் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நார்வேக்காரரின் கன்னத்திலும் பென்னாகரத்துக்காரரின் கன்னத்திலும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். பொதிகள் எவ்வளவு பெரியவை, எத்தனை, எவ்வளவு மெதுவாகச் சிதைகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

நிறமி எதற்கு? தோல் செல்லுக்குள் வந்த பொதிகள் சிதறிக் கிடப்பதில்லை. செல்லின் உட்கருவுக்கு மேல்புறம், வெயில் வரும் பக்கமாகக் கூடி, குடை பிடித்தது போல் நிற்கின்றன. உட்கருவில் இருக்கும் மரபுப் பொருளான டிஎன்ஏ புற ஊதாக் கதிரில் சேதமாகாமல் காப்பதே அவற்றின் வேலை. இந்தக் காப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தோல் புற்றுநோய் சிறு வயதிலேயே வருவதுண்டு.

யார் கேட்டு நிறம் கூடுகிறது?

நிறமிச் செல் தானாக வேலையைக் கூட்டுவதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களிடமிருந்து சேதி வர வேண்டும்.

முதல் சேதி வெயிலிலிருந்து. புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் செல்லின் டிஎன்ஏ சேதமானதும், அந்தச் செல் ஒரு ஹார்மோனைச் சுரந்து பக்கத்து நிறமிச் செல்லைத் தூண்டுகிறது. 2007-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தத் தொடரைத் துல்லியமாகக் காட்டினார்கள். புற்றுநோய் வராமல் தடுக்கும் பி53 என்ற காவல் புரதமே நிறத்தைக் கூட்டும் சேதியையும் தொடங்கிவைக்கிறது.

பென்னாகரம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 12 பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும், உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகாது. கதிர் காற்றுமண்டலத்தைக் குறுக்கே கடந்து வரும் தூரம் குறைவு என்பதால் வடிகட்டலும் குறைவு.

இரண்டாவது சேதி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். வெள்ளைத் தோலுக்கு இது பெரிய விஷயமில்லை. 2010-ல் வெளியான டெட்ராய்ட் ஆய்வொன்றில், புற ஊதாவை நீக்கிய வெறும் வெளிச்சமே மாநிறத் தோலைக் கறுக்கவைத்தது. வெளிர்தோலில் அது எடுபடவில்லை. குறிப்பாக நீலப் பகுதி நிறமிச் செல்லில் உள்ள ஒளி உணரியை நேரடியாகத் தொடுகிறது. இதற்கு மருத்துவத்தில் என்ன பொருள் என்பதைக் கீழே பார்ப்போம்.

மூன்றாவது, ஹார்மோன். கர்ப்ப காலத்தில் பெருகும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் நிறமிச் செல்லை உசுப்பிவிடுகின்றன. கருத்தடை மாத்திரையும் அப்படியே. பெண்களிடம் மங்கு அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் வெயிலிலேயே நாள் கழியும் ஆண்களும் தப்புவதில்லை.

நான்காவது, புண்ணும் அழற்சியும். பரு, கொசுக்கடி, சூடுபட்ட இடம், நைலான் நாரால் அழுத்தித் தேய்த்த முதுகு எல்லாமே ஆறிய பின் கறுத்த தடத்தை விட்டுப் போகின்றன. மாநிறத் தோலில் இது இன்னும் அழுத்தமாக விழும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் என்ன ஆகும்? அதில் உள்ள ஃபுரோகூமரின் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைப் பொசுக்கி, போக்க நினைத்த கறுப்பை இரட்டிப்பாக்கும்.

ஒரு முகத்தின் கணக்கு

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 38. பென்னாகரத்தை ஒட்டிய கிராமம். நிலக்கடலைக் காட்டு வேலை, நூறு நாள் வேலை. நடுவில் சில வருஷம் கணவரோடு பெங்களூரில் கட்டட வேலை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது கன்னத்தில் லேசாகத் தெரிந்த நிறம் பிரசவத்துக்குப் பின் முழுதாகக் கலையவில்லை. வருஷாவருஷம் சித்திரை, வைகாசியில் அடர்கிறது, மார்கழியில் மங்குகிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் போய் உட்கார்கிறார்.

“தண்ணி ஒத்துக்கலையாங்க டாக்டரம்மா?”

“தண்ணி இல்லம்மா. வெயில். மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா? மூஞ்சிக்கு என்ன போடறீங்க?”

இந்த இரண்டு கேள்விகளிலேயே வைத்தியம் தொடங்கிவிட்டது. கருத்தடை மாத்திரை என்றால் வேறு முறைக்கு மாற வழியுண்டா என்று பார்க்க வேண்டும். எலுமிச்சை, நார், பெயர் தெரியாத க்ரீம் எல்லாம் நிற்க வேண்டும். சேதியை நிறுத்தாமல் நிறத்தை மட்டும் நிறுத்த முடியாது.

அடுத்தது வெயில். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை கடுமை அதிகம். தலையில் போடும் முக்காடும் துண்டும் கன்னத்தை மறைப்பதில்லை. அகல விளிம்புத் தொப்பியோ குடையோ மறைக்கும். காட்டு வேலையில் குடை பிடிக்க முடியாது என்பதால் தொப்பியும் சன்ஸ்க்ரீனும் வேண்டும். இங்கேதான் வெளிச்சம் பற்றிச் சொன்னது உதவுகிறது. தடவினால் நிறமே தெரியாத சாதாரண சன்ஸ்க்ரீன் புற ஊதாவைத் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை விட்டுவிடும். இரும்பு ஆக்சைடு கலந்து தோல்நிறத்தில் வரும் சன்ஸ்க்ரீன் இரண்டையும் தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். வெளியே இருக்கும்வரை இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

மூன்றாவதாகத்தான் மருந்து. டைரோசினேஸின் வேகத்தைக் குறைப்பதே பெரும்பாலானவற்றின் வேலை. இவற்றில் அசெலாயிக் அமிலத்துக்கு ஒரு சுவையான கதை உண்டு. தேமல் வந்த இடம் வெளுத்துத் தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே குடியிருக்கும் பூஞ்சை அப்படி எதைச் சுரக்கிறது என்று இத்தாலியின் மார்செல்லா நசாரோ-போரோ தேடினார். 1978-ல் அவரும் சக ஆய்வாளரும் அந்தப் பூஞ்சையின் வளர்ப்பிலிருந்து டைரோசினேஸைத் தடுக்கும் அமிலங்களைக் கண்டார்கள். இன்று மங்குக்கும் பருவுக்கும் அசெலாயிக் அமில க்ரீம் எழுதித் தருகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் தரக்கூடிய சில மருந்துகளில் அது ஒன்று.

இதைவிட வலுவானது மூன்று மருந்துக் கலவை. 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் முன்வைத்தது. ஹைட்ரோகுவினோன் நொதியைத் தடுக்கிறது. டிரெட்டினாயின் செல்களைச் சீக்கிரம் மேலே ஏற்றி உதிர வைக்கிறது. ஸ்டீராய்டு எரிச்சலை அடக்குகிறது. மருத்துவர் கண்காணிப்பில் சுமார் எட்டு வாரம் போடுவதற்கானது இது. இவற்றுக்கு மசியாத மங்குக்கு, ரத்தப்போக்கை நிறுத்தத் தரும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. விசாரிக்காமல் யாரும் விழுங்கக்கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். இன்று தொடங்கிய வைத்தியத்தால் அடிவரிசையில் கூடுதல் நிறத்தின் உற்பத்தி உடனே பாதியாகிவிட்டது என்று வைப்போம். ஆனால் போன நாலு வாரங்களில் நிறமி ஏற்றிக்கொண்ட செல்கள் இன்னும் உதிரவில்லை. வாரத்துக்கு நாலில் ஒரு பங்கு உதிர்கிறது. அந்த இடத்துக்குப் பாதி நிறமுள்ள செல்கள் வருகின்றன. பழைய நிறம் 100 என்றால் முதல் வாரக் கடைசியில் 87. இரண்டாவது வாரம் 75. மூன்றாவது 62. நாலாவது 50. இந்தச் சிறிய படிகளைக் கண்ணாடி பார்க்கும் கண் பிரித்தறியாது. இதுவும் உற்பத்தி ஒரே நாளில் பாதியாகும் என்ற அதிர்ஷ்டக் கணக்கு. நடப்பில் அது வாரக்கணக்கில்தான் இறங்கும். அதனால்தான் மருத்துவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுங்கள் என்கிறார்கள். பதினைந்தாம் நாள் “ஒண்ணும் தெரியலை” என்று நிறுத்திவிட்டு வேறு ட்யூபுக்கு மாறுகிறவர், வேலை தொடங்கிய இடத்திலேயே அதை விட்டுவிடுகிறார்.

நடுவில் இரண்டு நாள் உச்சி வெயிலில் கடலை பறித்தால்? மங்கு உள்ள இடத்து நிறமிச் செல்கள் மற்ற இடத்தவற்றைவிடச் சீக்கிரம் உசுப்பேறுபவை. 62-ல் இருந்தது மறுபடி ஏறும். மங்கு குறைந்த பின்பும் தொப்பியையும் சன்ஸ்க்ரீனையும் விடக்கூடாது என்பது இதனால்தான்.

ஆழத்தில் விழுந்த நிறம்

சில கறைகள் மட்டும் தோல் உதிர்ந்தாலும் போகாதவை. அழற்சி கடுமையாகி மேல்தோலின் அடிவரிசை உடைந்தால், நிறமி கீழே உள்ள உள்தோலுக்குள் விழுந்துவிடும். உள்தோல் உதிர்வதில்லை. அங்கே சுற்றும் துப்புரவுச் செல்கள் நிறமியை விழுங்கிக்கொண்டு அப்படியே வருஷக்கணக்கில் தங்கிவிடுகின்றன. மேல்தோலின் நிறம் தேன் பழுப்பு; ஆழத்து நிறம் சாம்பல் அல்லது நீலம் கலந்தது. தலைச்சாயம், வாசனைப் பொருள், சில குங்குமங்களில் கலந்த சாயம் இவற்றின் ஒவ்வாமை முகத்தில் இப்படிச் சாம்பல் நிறத்தை விட்டுப்போகும்.

இதைப் பிரித்தறிய மருத்துவர் இருட்டறையில் ஒரு புற ஊதா விளக்கைக் காட்டிப் பார்ப்பார். மேலுள்ள நிறம் அந்த ஒளியில் எடுப்பாகத் தெரியும். ஆழத்து நிறம் தெரியாது. ஆழத்து நிறத்துக்கு க்ரீம் அதிகம் உதவாது. ஒவ்வாத பொருளைக் கண்டுபிடித்து நிறுத்துவதும், காத்திருப்பதும்தான் முதல் வைத்தியம்.

வேலூரில் கண்ட விரல் கணு

நிறம் சில நேரம் உள்ளே நடக்கும் வேறொன்றின் அடையாளம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எஸ்.ஜே. பேக்கரும் சக மருத்துவர்களும், கை விரல் கணுக்களும் உள்ளங்கையும் கறுத்துப்போன நோயாளிகளைக் கவனித்தார்கள். அவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. பி12 கொடுத்ததும் கறுப்பு குறைந்தது. 1963-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எந்த க்ரீமும் தடவாமலே நிறம் தெளிந்தது. காரணம் போனதும் புதிதாக வந்த தோல் பழைய நிறத்தோடு வரவில்லை, அவ்வளவுதான்.

கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுப்பதும் இந்த வகை. அழுக்கு என்று நினைத்து அம்மாக்கள் பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதுண்டு. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்து, அது தோல் செல்களை அளவுக்கு மீறி வளரத் தூண்டுவதால் வரும் தடிப்பு அது. தேவை ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் எடைக் குறைப்பும். தேய்த்தால் இன்னும் கறுக்கும்.

பொட்டுக்கு அடியில் வெள்ளை

இதுவரை நிறம் கூடிய கதை. நிறமே போய்விடும் கதையும் உண்டு. அதிலும் டைரோசினேஸ் வருகிறது.

வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு வைத்த சிலருக்கு, பொட்டை எடுத்தால் அதே வட்டத்தில் வெள்ளை தெரியும். அலகாபாத்தில் ஏ.கே. பஜாஜ் குழுவினர் 1990-ல் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். பொட்டின் பசையில் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் தங்கியிருந்தது. அதன் மூலக்கூறு பார்வைக்கு டைரோசின் மாதிரி. டைரோசினேஸ் ஏமாந்து அதைப் பிடித்து மாற்ற, மெலனினுக்குப் பதில் நச்சுப் பொருள் உண்டாகி நிறமிச் செல்லே அழிகிறது. நிறம் செய்யும் திறமையே அந்தச் செல்லுக்கு எமனாகிவிடுகிறது. ஜப்பானில் 2013-ல் கானெபோ நிறுவனம் தன் வெண்மை க்ரீம்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதும் இதே வழியில் வந்த வினை. அவற்றில் கலந்த ரோடோடென்ட்ரால் என்ற பொருளால் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தோல் திட்டுத்திட்டாக வெளுத்தது. பொட்டு வைத்த இடத்தில் அரிப்போ லேசான வெளுப்போ தெரிந்தவுடன் ஸ்டிக்கரை நிறுத்திவிட வேண்டும்.

காரணமில்லாமல் பரவுவது போலத் தெரியும் வெண்புள்ளியில், உடலின் எதிர்ப்புச் செல்களே நிறமிச் செல்களைத் தாக்குகின்றன. இது ஒட்டாது, தொற்றாது. தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொழுநோயின் வெளிறிய திட்டில் தொடுஉணர்ச்சி குறைந்திருக்கும். வெண்புள்ளியில் உணர்ச்சி முழுதாக இருக்கும். உணர்ச்சி குறைந்த திட்டு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்ட வேண்டும். அதற்கு இலவச மருந்து உண்டு, குணமும் உண்டு.

வெண்புள்ளியில் மேல்தோலின் நிறமிச் செல்கள் போன பிறகும் மயிர்க்கால்களின் ஆழத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும். எதிர்ப்புச் செல்களை அடக்கும் களிம்பும், குறிப்பிட்ட அலைநீளப் புற ஊதா ஒளிச் சிகிச்சையும் கொடுத்தால் அவை மேலேறி வருகின்றன. அதனால்தான் நிறம் திரும்பும்போது மயிர்க்காலைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாகத் திரும்புகிறது. மயிரே இல்லாத விரல் நுனியிலும் உதட்டிலும் திரும்புவது அரிது. சித்த மருத்துவத்தின் கார்போக அரிசியில் உள்ள சோரலென், வெயிலோடு சேர்ந்து நிறமியைத் தூண்டக்கூடியது. 1940களில் எகிப்தின் எல் மொஃப்டி வேறொரு செடியிலிருந்து கிடைத்த இதே வகைப் பொருளை நவீன மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அளவு தெரியாமல் வீட்டில் அரைத்துத் தடவி வெயிலில் நின்றால் கொப்புளமே மிஞ்சும்.

ஒரு வாரத்தில் வெளுக்குமா?

இவ்வளவும் தெரிந்த பிறகு, ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும் என்று விற்கும் க்ரீமை எப்படிப் பார்ப்பது? மேலே போட்ட கணக்கு போதும். மேல்தோலில் ஏறிய நிறமி உதிர நாலு வாரமாவது ஆகும். ஏழு நாளில் முகம் வெளுத்தால், அங்கே நடந்தது பெரும்பாலும் வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோ, பல சமயம் ஸ்டீராய்டு. வலுவான ஸ்டீராய்டு தடவினால் தோலின் ரத்தக் குழாய்கள் சில மணி நேரத்தில் சுருங்கி இடம் வெளிறும். இது அவ்வளவு நம்பகமாக நடப்பதால், 1962 முதல் ஸ்டீராய்டு க்ரீம்களின் வலுவை அளக்கவே இந்த வெளிறலைப் பயன்படுத்துகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, பரு கிளம்பி, மயிர் முளைத்து, ரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். பயந்து மறுபடி தடவுவார்கள். இந்தியாவின் பன்னிரண்டு மையங்களில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. 2018-ல் மத்திய அரசு இத்தகைய க்ரீம்களை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று ஆணையிட்டது.

இன்னொன்று பாதரசம். அது டைரோசினேஸை முடக்கி உண்மையாகவே வெளுக்கவைக்கும். தோல் வழியே சிறுநீரகத்துக்கும் போகும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்தப் பதினைந்தில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் தடவியவர்கள். ஹைட்ரோகுவினோனையும் கண்காணிப்பில்லாமல் வருஷக்கணக்கில் போட்டால், நீலக்கறுப்பு நிறம் உள்தோலில் படிந்து, போக்க வழி குறைந்த புதிய கறையாகிவிடும்.

ஆகவே எந்த வைத்தியத்தையும் இரண்டு கேள்விகளால் சோதித்துக்கொள்ளலாம். நிறமிச் செல்லுக்கு வரும் சேதியில் எதை இது நிறுத்துகிறது? சொல்லும் காலக்கெடு, தோல் உதிரும் வேகத்துக்கு ஒத்துவருகிறதா? இரண்டுக்கும் பதில் இல்லாதது ட்யூபில் வந்தாலும் கிண்ணத்தில் வந்தாலும் வேண்டாம்.

ஏற்கெனவே ஏதோ தடவிக்கொண்டிருப்பவர்கள் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எதுவாவது அச்சடித்திருந்தால் அது ஸ்டீராய்டு. நீண்ட நாள் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் முகம் கொந்தளிக்கும். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா ட்யூபையும், பெயர் ஒட்டாத டப்பாவையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.